குற்றம் சாட்டப்பட்டவர் எவ்வளவு நேரம் பேசுகிறார்? நான்கு ட்ரூ க்ரைம் தொடர்கள், ஓர் ஒப்பீடு

ட்ரூ க்ரைமில், அதாவது நிஜக் குற்ற வழக்குகளைச் சொல்லும் தொடர்களில், எது சிறந்தது என்று கேட்டால், பாட்காஸ்ட் கேட்பவர்கள் ‘சீரியல்’ என்பார்கள், நெட்ஃபிளிக்ஸ் பார்ப்பவர்கள் ‘மேக்கிங் எ மர்டரர்’ என்பார்கள். இரண்டும் நல்லவைதான். ஆனால் என் ஓட்டு 2018-ல் வந்த ‘இன் த டார்க்’ பாட்காஸ்டின் இரண்டாம் சீசனுக்கு. அதைச் சொன்னால், “அது இழுவையாச்சே” என்கிறார்கள். கொஞ்சம் இழுவைதான். இருந்தும் அதற்கு ஏன் முதலிடம் என்பதை மற்ற மூன்றோடு சேர்த்து வைத்துப் பார்க்கிறேன். எச்பிஓவின் ‘த ஜின்க்ஸ்’ நான்காவது. முடிவுகளையும் சொல்லிவிடுவேன். எல்லாம் வருஷக்கணக்காகச் செய்தியில் அடிபட்ட வழக்குகள், ஸ்பாய்லர் என்று ஒளித்து வைக்க ஒன்றுமில்லை.

குரல், இசை, எடிட்டிங் என்று மார்க் போடலாம். எனக்கு வேறொரு கணக்கு முக்கியமாகப் படுகிறது. குற்றம் சாட்டப்பட்டவர் நம் காதில் எவ்வளவு நேரம் பேசுகிறார்? அவரை நம்புவதா வேண்டாமா என்கிற ஊசலாட்டத்தை எடுத்துவிட்டால் தொடரில் மிச்சம் என்ன இருக்கும்?

‘சீரியல்’ பாட்காஸ்டில் மிச்சம் குறைவு. 1999 ஜனவரி 13 அன்று மேரிலாந்து மாநிலத்தில் பால்டிமோர் பக்கத்தில் ஹே மின் லீ என்ற பள்ளி மாணவி காணாமல் போனார். சில வாரங்கள் கழித்து லீக்கின் பார்க்கில் உடல் கிடைத்தது. முன்னாள் காதலன் அத்னான் சையதுக்கு அப்போது 17 வயது. 2000-ல் அவருக்கு ஆயுள் தண்டனையும், அதற்கு மேல் 30 ஆண்டும் விதித்தார்கள். பத்திரிகையாளர் சாரா கோனிக் 2014 அக்டோபரில் இந்த வழக்கை எடுத்து 12 எபிசோடு செய்தார். பாட்காஸ்ட் என்றால் என்னவென்று தெரியாதவர்களைக்கூட வியாழக்கிழமைக்குக் காத்திருக்க வைத்த தொடர் அது.

அத்னான் சிறையிலிருந்து போனில் பேசுவார். மரியாதையான, பொறுமையான குரல், நடுநடுவே சிரிப்பு. ‘இந்தப் பையனா கொன்றிருப்பான்?’ என்று தோன்றும். அடுத்த வாரம் ‘நடிக்கிறானோ?’ என்று தோன்றும். தொடர் ஓடுவதே இந்தத் தடுமாற்றத்தில்தான். கோனிக் அதை மறைக்கவும் இல்லை, தன் தடுமாற்றத்தையே கதையாக்கிவிட்டார். பள்ளி விட்டதிலிருந்து 21 நிமிஷத்துக்குள் கொலை நடந்து முடிந்திருக்க வேண்டும் என்பது அரசுத் தரப்பின் கணக்கு. அது முடியுமா என்று கோனிக்கும் தயாரிப்பாளரும் அதே வழியில் கார் ஓட்டிப் பார்க்கிற எபிசோடு இன்றும் சுவாரசியம். கடைசியில், ஜூரியாக (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்களில் ஒருவராக) இருந்தால் விடுவித்திருப்பேன், ஆனால் நிரபராதி என்று சத்தியம் செய்ய மாட்டேன் என்கிற இடத்தில் நிற்கிறார். நேர்மையான முடிவுதான். ஆனால் 12 எபிசோடு கேட்டபின் அத்னானின் குணத்தைப் பற்றி நமக்கு இருக்கிற அபிப்பிராயத்தில் பாதிகூட, அந்த வழக்கைப் போலீஸ் கட்டிய விதத்தைப் பற்றி இருக்காது.

ஒரு உதாரணம் போதும். செல்போன் கம்பெனி போலீசுக்கு அனுப்பிய ஃபேக்ஸின் முகப்புத் தாளில், உள்ளே வரும் அழைப்புகளை வைத்து ஆள் இருந்த இடத்தைச் சொன்னால் அது நம்பத்தக்கதல்ல என்று எழுதியிருந்தது. உடல் புதைக்கப்பட்ட நேரத்தில் அத்னான் அந்தப் பூங்காவில் இருந்தார் என்று அரசுத் தரப்பு காட்டியதோ, உள்ளே வந்த அழைப்புகளை வைத்து. சீரியலில் இந்தத் தாளுக்கு இடம் இல்லை. அதைப் பெரிதாக எழுப்பியது 2015-ல் வந்த ‘அன்டிஸ்க்ளோஸ்டு’ பாட்காஸ்ட். அதை நடத்தியவர்களில் அத்னான் குடும்பத்துக்கு வேண்டியவரான வழக்கறிஞர் ரபியா சவுத்ரியும் ஒருவர். அத்னான் பக்கம்தான் இருக்கிறோம் என்று அவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள், கேட்பதற்கும் கரடுமுரடுதான். ஆனால் 2016-ல் ஒரு நீதிபதி மறுவிசாரணைக்கு உத்தரவிட்டபோது சொன்ன காரணம், இந்தத் தாளைப் பற்றி அத்னானின் வக்கீல் குறுக்கு விசாரணை செய்யவில்லை என்பதே. நடுநிலையான தொடர் விட்டதை, சார்புள்ள தொடர் பிடித்தது.

அந்த உத்தரவும் 2019-ல் கவிழ்ந்தது. 2022 செப்டம்பரில் தண்டனை ரத்தாகி அத்னான் வெளியே வந்தார். அந்த விசாரணையில் ஹேயின் சகோதரர் நீதிபதியிடம், எனக்கு இது பாட்காஸ்ட் இல்லை, நிஜ வாழ்க்கை என்றார். அவருக்கு முறையாக அவகாசம் தரவில்லை என்று 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பைத் திரும்ப உயிர்ப்பித்தது, 2024-ல் மேரிலாந்து உச்ச நீதிமன்றமும் அதை ஒப்புக்கொண்டது. 2025 மார்ச்சில், இதுவரை கழித்த தண்டனை போதும் என்று ஒரு நீதிபதி அத்னானை வெளியிலேயே இருக்க விட்டார். குற்றவாளி என்ற தீர்ப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. சீரியல் முதல் சீசனை இப்போது கேட்பவர்கள் இதையும் படித்துவிட்டுக் கேட்க வேண்டும், இல்லையென்றால் பாதிக் கதைதான்.

இப்போது இன் த டார்க். மிசிசிப்பி மாநிலத்தில் வினோனா என்ற சிற்றூர். 1996 ஜூலை 16 காலையில் ஒரு ஃபர்னிச்சர் கடையில் நான்கு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அங்கே கொஞ்ச நாள் வேலை பார்த்த கர்டிஸ் ஃப்ளவர்ஸ் என்ற கறுப்பின இளைஞர் கைதானார். அரசு வழக்கறிஞர் டக் எவன்ஸ் அவரை ஒரே குற்றத்துக்காக ஆறு முறை விசாரணைக்கு நிறுத்தினார். முதல் மூன்று தண்டனைகளும் மேல்முறையீட்டில் உடைந்தன, அடுத்த இரண்டில் ஜூரிகள் ஒத்துப்போகவில்லை, 2010-ல் ஆறாவது முறை மரண தண்டனை.

மேடலின் பாரனும் அவருடைய குழுவும் ஏறக்குறைய ஒரு வருஷம் மிசிசிப்பியிலேயே குடியிருந்து இந்த சீசனைச் செய்தார்கள். அதில் கர்டிஸின் பேட்டி கிடையாது. அவரோடு பேச வழியே கிடைக்கவில்லை. ட்ரூ க்ரைம் தயாரிப்பாளருக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் இருக்காது என்று நினைப்போம். எனக்கென்னவோ இந்தத் தொடரைக் காப்பாற்றியதே அதுதான் என்று படுகிறது. கர்டிஸ் நல்லவரா என்று யோசிக்க நமக்கு எதுவும் கிடைப்பதில்லை. ஆகவே வழக்கைத் தாங்கிய மூன்று தூண்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறார்கள்: அன்று காலை அவர் ஊருக்குள் நடந்து போனதைப் பார்த்ததாகச் சொன்னவர்கள், துப்பாக்கி, சிறையில் அவர் வாய்விட்டு ஒப்புக்கொண்டதாகச் சொன்ன சக கைதி.

பார்த்ததாகச் சொன்ன ஆட்களின் வீடுகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் போகிறார்கள். போலீஸ் எப்போது வந்தது, என்ன கேட்டது, யார் முதலில் கர்டிஸின் பெயரைச் சொன்னது என்று அதே கேள்விகள். பலரிடம் போலீஸ் போனதே சம்பவம் நடந்து வெகுநாள் கழித்து. வராந்தா, நாய்க்குரைப்பு, “எனக்கு ஞாபகம் இல்லம்மா” என்கிற பதில், மறுபடி அடுத்த வீடு. இழுவை என்று சொல்கிறார்களே, அது இந்த இடம்தான். ஆனால் நாலாவது வீட்டுக்கு வரும்போது, ஒரு சாட்சியம் எப்படி உருவாகிறது என்பது நமக்கே பிடிபட ஆரம்பித்துவிடும். அப்புறம் அந்த சக கைதி. சிறையிலிருந்தே இவர்களிடம் பேசி, தான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொள்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது ஜூரி கணக்கு. ஜூரியைத் தேர்ந்தெடுக்கும்போது சிலரை வேண்டாமென்று அரசுத் தரப்பு நீக்கலாம். எவன்ஸின் அலுவலகம் 1992 முதல் 2017 வரை நடத்திய வழக்குகளில் யாரை ஜூரியிலிருந்து நீக்கியது என்று அந்தப் பகுதி நீதிமன்றங்களின் பழைய கட்டுகளைப் புரட்டி எண்ணினார்கள். வெள்ளையர்களைவிடக் கறுப்பினத்தவரை நீக்கிய விகிதம் ஏறக்குறைய நாலரை மடங்கு. வானொலிக்காரர்கள் செய்த வேலை இது. ஆடிட்டர் ஆபீஸில் செய்கிற மாதிரியான வேலை.

2019 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று தண்டனையை ரத்து செய்தது. ஆறு விசாரணைகளிலும் சேர்த்து அரசுத் தரப்பு நீக்க முடிந்த 42 கறுப்பின ஜூரிகளில் 41 பேரை நீக்கியது என்பது தீர்ப்பிலேயே இருக்கிறது. பாட்காஸ்டால்தான் விடுதலை என்று சொல்லிவிட முடியாது, மேல்முறையீடு தனியாக ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் 2020 செப்டம்பரில் மாநில அரசு வழக்கைக் கைவிட்டபோது, மாற்றி மாற்றிப் பேசாத முக்கிய சாட்சி ஒருவரும் கையில் இல்லை என்று காரணம் சொன்னது. அந்த நிலைமைக்கு இந்தக் குழுவின் பங்கு பெரிது. ஏறக்குறைய 23 வருஷம் சிறையிலிருந்தவரின் பேட்டி, அதற்குப் பிறகு தனி எபிசோடாக வந்தது.

தொலைக்காட்சிப் பக்கம் வந்தால், மேக்கிங் எ மர்டரரும் ‘சீரியல்’ பாட்காஸ்டும் அண்ணன் தம்பி. 2015 டிசம்பரில் வந்த 10 எபிசோடு. ஸ்டீவன் ஏவரி செய்யாத குற்றத்துக்கு 18 வருஷம் உள்ளே இருந்து, டிஎன்ஏ சோதனையால் 2003-ல் வெளியே வந்தவர். இரண்டே வருஷத்தில் தெரசா ஹால்பாக் என்ற புகைப்படக்காரரின் கொலையில் மறுபடி மாட்டினார். இதிலும் சிறை போன் குரல், சோகமான அம்மா, விஸ்கான்சின் பனி. தெரசாவுடைய காரின் பானட் கொக்கியில் ஏவரியின் டிஎன்ஏ கிடைத்ததாக அரசுத் தரப்பு விசாரணையில் சொன்னது, தொடரில் அது இல்லை. எதைச் சேர்ப்பது எதை விடுவது என்பது இயக்குநர்களின் உரிமைதான், ஆனால் இதை விட்டது நியாயமாகப் படவில்லை. பார்த்தவர்கள் கொதித்து, ஜனாதிபதி மன்னிக்க வேண்டும் என்று லட்சத்துக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். மாநிலக் குற்றத்தில் ஜனாதிபதிக்கு அந்த அதிகாரம் கிடையாது என்று வெள்ளை மாளிகை பதில் எழுதியது.

ஒரு இடத்தில் மட்டும் எந்தப் பாட்காஸ்டும் இதன் பக்கத்தில் வர முடியாது. ஏவரியின் சகோதரி மகன் பிரெண்டன் டாஸியைப் போலீஸ் விசாரிக்கிற வீடியோ அது. அவனுக்கு 16 வயது. வக்கீலும் இல்லை, பெற்றோரும் இல்லை. இரண்டு அதிகாரிகள் கேட்கிறார்கள், அவன் ஊகித்து ஊகித்துப் பதில் சொல்கிறான். அவர்கள் எதிர்பார்த்த பதில் வராதபோது, தலையில் சுட்டது யார் என்று அவர்களே எடுத்துக் கொடுக்கிறார்கள். கொலையை ஒப்புக்கொண்டுவிட்டு, பள்ளியில் ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டும், நேரத்துக்குப் போய்விடலாமா என்று கேட்கிறான். அவன் சோபாவில் குறுகி உட்கார்ந்திருக்கிற விதத்தை ஒலியில் கொண்டுவர முடியாது. இந்த வீடியோவுக்காகவே முதல் சீசனைப் பார்க்கலாம்.

த ஜின்க்ஸில் கதை தலைகீழ். கொலைச் சந்தேகத்துக்கு ஆளாகியிருந்த பணக்காரக் குடும்பத்து ராபர்ட் டர்ஸ்ட் தானாகவே இயக்குநர் ஆண்ட்ரூ ஜரெக்கியைக் கூப்பிட்டுப் பேட்டி கொடுத்தார். பேசித்தான் கெட்டார். கழிவறையில் மைக் ஓடுவது தெரியாமல், எல்லோரையும் கொன்றேன் என்ற பொருளில் அவர் முணுமுணுப்பதோடு 2015 மார்ச்சில் தொடர் முடிந்தது. அதற்கு முந்தின நாள்தான் நியூ ஆர்லியன்ஸில் கைதாகியிருந்தார். தொலைக்காட்சி வரலாற்றில் இப்படியொரு கடைசிக் காட்சி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2019-ல் நீதிமன்றத்தில் வெளிவந்த முழு எழுத்துப்படியில் அந்த வாக்கியங்களின் வரிசையே வேறு. கேள்வியும் பதிலும் போலக் கேட்பதற்காக வெட்டி ஒட்டியிருந்தார்கள். 2021-ல் டர்ஸ்ட் குற்றவாளி என்று தீர்ப்பானது. அப்படியிருக்க அந்த ஒட்டு எதற்கு? நாடகத்துக்குத்தான்.

இந்தக் குரல் விஷயம் நம் ஊரிலும் ஒரே வருஷத்தில் இரண்டு விதமாக வந்தது. 2023 ஆகஸ்டில் செல்வமணி செல்வராஜின் ‘த ஹன்ட் ஃபார் வீரப்பன்’ நெட்ஃபிளிக்ஸிலும், டிசம்பரில் ‘கூச முனிசாமி வீரப்பன்’ ஜீ5-லும். முதலாவதில் வீரப்பனின் மனைவி முத்துலட்சுமி, போலீஸ் அதிகாரிகள், ஊர்க்காரர்கள் எனச் சுற்றிலும் இருந்தவர்கள் பேசுகிறார்கள். இரண்டாவதில், 1990-களில் நக்கீரன் எடுத்த வீடியோவில் வீரப்பனே தன் கதையைச் சொல்கிறார். அவர் பேசத் தொடங்கினால் கண்ணை எடுக்க முடியாது, சிக்கலும் அதுதான். தேடுதல் வேட்டையில் சிக்கிய கிராமத்து மக்கள்மேல் நடந்த சித்திரவதையை விசாரித்த சதாசிவா குழு, 2007-ல் 89 பேருக்குத் தேசிய மனித உரிமை ஆணையம் பரிந்துரைத்த 2.8 கோடி ரூபாய் இழப்பீடு, இதெல்லாம் அந்த முகத்தின் முன்னால் சின்னதாகத் தெரிகிற ஆபத்து இருக்கிறது. நான் நெட்ஃபிளிக்ஸ் தொடரைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

ஆஸ்திரேலியாவின் ‘த டீச்சர்ஸ் பெட்’ பற்றி இரண்டு வரி. 1982-ல் காணாமல் போன லினெட் டாசனின் கணவரை 2022-ல் நீதிமன்றம் குற்றவாளி என்றது. அதற்கு முன், பாட்காஸ்டின் பரபரப்பால் நியாயமான விசாரணை நடக்குமா என்ற கேள்வி எழுந்து, தொடரை ஆஸ்திரேலியாவில் கேட்க முடியாதபடி எடுத்துவிட்டார்கள். விசாரணை தள்ளிப்போனது, கடைசியில் ஜூரியே இல்லாமல் நீதிபதி மட்டும் கேட்டார்.

கேட்கும் வரிசை: முதலில் சீரியல், அதன் வேகம் பழக்கப்படுத்தும். உடனே இன் த டார்க் இரண்டாம் சீசன். மிசிசிப்பி உச்சரிப்பு முதல் இரண்டு எபிசோடு கஷ்டப்படுத்தும், சப்டைட்டில் கிடையாது, ஆனால் இரண்டு பாட்காஸ்டுக்கும் எழுத்துப்படி அவரவர் இணையதளத்தில் இருக்கிறது. முதலில் பெயர்களை அதில் பார்த்துக்கொள்ளுங்கள், சாட்சிகள் ஏராளம். சமைத்துக்கொண்டே கேட்டால் துப்பாக்கி எபிசோடு புரியாது. ஜின்க்ஸை ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம். மேக்கிங் எ மர்டரரில் 2018-ல் வந்த இரண்டாம் சீசனை விட்டுவிடுங்கள், புது வக்கீலின் கோட்பாடுகளை வரிசையாகக் கேட்பதற்குப் பத்து எபிசோடு அதிகம்.