குட்டி இறால் தொட்டிக்கு எந்தத் தரைச்செடி? மாஸ், மான்டி கார்லோ, ஹேர்கிராஸ், பார்வா

20 லிட்டர் தொட்டியில் செர்ரி இறால் விடப்போகிறவர்கள் பெரும்பாலும் படத்தைப் பார்த்துத்தான் செடி வாங்குகிறார்கள். தரை முழுக்கப் பச்சைக் கம்பளம், அதன்மேல் சிவப்பு இறால்கள். அழகுதான். ஆனால் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் படத்தில் விழாது. அடிக்கடி கத்தரி பிடிக்கும் கையும் விழாது. இறால் எதை மேய்கிறது, குஞ்சு எங்கே பதுங்குகிறது, நம் ஊர்க் கோடையை எது தாங்கும் என்ற மூன்று கேள்விகளை வைத்துத்தான் நான் செடியைப் பார்ப்பேன்.

அந்த வகையில் முதல் இடம் ஜாவா மாஸுக்கு (கல்லிலும் கட்டையிலும் ஒட்டி வளரும் பாசிச்செடி). செர்ரி இறால் ஓயாமல் மேய்கிற பிராணி. அதன் முன்னங்கால்களின் நுனியில் மயிர்க்கற்றை இருக்கும். செடிமேல் படியும் நுண்ணுயிர்ப் படலத்தை அதால் சுரண்டி மாற்றி மாற்றி வாய்க்குள் திணித்துக்கொண்டே இருக்கும். ஒரு பிடி மாஸில் எத்தனை ஆயிரம் இலைகள், எவ்வளவு மேய்ச்சல் பரப்பு என்று பாருங்கள்! தாய் இறால் 20, 30 முட்டைகளை வயிற்றடியில் சுமந்து, சுமார் ஒரு மாதத்தில் பொரிக்கும். குஞ்சு வெளிவரும்போதே பெரிய இறாலின் அச்சாக இருக்கும். நீளம் மட்டும் 2 மி.மீ. தான். அதனால் தீனியைத் தேடித் தொட்டியின் அந்தக் கோடிக்குப் போக முடியாது, இருந்த இடத்திலேயே கிடைக்க வேண்டும். மாஸ் சுற்றிய கல் ஒன்றை டார்ச் அடித்து உற்றுப் பாருங்கள்: கண்ணாடித் துணுக்கு மாதிரி குஞ்சுகள் இலைக்கு இலை ஒட்டி மேய்ந்துகொண்டிருக்கும்.

மாஸிலும் குறை உண்டு. அது தரையோடு படராமல் மேல்நோக்கிப் பொதபொதவென்று வளரும். அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெட்டினால் துணுக்குகள் மிதந்துபோய் ஃபில்டர் ஸ்பாஞ்ச் வரை ஒட்டி முளைக்கும். இதற்கு வழி, தட்டையான கல்லிலோ எவர்சில்வர் வலையிலோ மெல்லிய ஒரே அடுக்காகப் பரப்பிப் பருத்தி நூலால் கட்டுவது. தடிமனாக வைத்தால் அடி அடுக்கு வெளிச்சம் படாமல் அழுகிவிடும். வெட்ட வேண்டியபோது கல்லோடு வெளியே எடுத்துத் தொட்டித் தண்ணீர் உள்ள வாளியில் அலசி வெட்டலாம். குஞ்சு ஏதாவது வாளியில் விழுந்திருக்கிறதா என்று பார்த்துத் திரும்ப விட்டுவிடுங்கள். கோடையில் ஜாவா மாஸ் வளர்ச்சி குறைந்தாலும் தாக்குப்பிடிக்கும். கிறிஸ்துமஸ் மாஸ் இன்னும் அழகு, ஆனால் குளிர்ந்த தண்ணீரைத்தான் விரும்பும்.

உண்மையான கம்பளம்தான் வேண்டும் என்றால் மான்டி கார்லோ. அர்ஜென்டினாவிலிருந்து வந்த செடி. குட்டி வட்ட இலை; தரையோடு ஓடி, கணுவுக்குக் கணு வேர் விடும். நல்ல அக்வா சாயிலும் (தொட்டிச் செடிகளுக்கான சத்து மண்) சுமாரான எல்இடியும் இருந்தால் கார்பன் டை ஆக்சைடு வாயு இல்லாமலும் வளரும், ஆனால் பொறுமை வேண்டும். வாயு கொடுத்தால் சீக்கிரம் மூடிவிடும். சிக்கல் அங்கேதான். வாயு கூடினால் தண்ணீரின் பிஎச் இறங்கும், இறாலுக்கு மூச்சு முட்டும். இரவில் செடியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் என்பதால், வால்வை மூட மறந்தால் சின்னத் தொட்டியில் விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கம்பளம் தடித்த பிறகு இன்னொரு தலைவலி உண்டு. அடியில் மஞ்சளாகி, வேர்ப்பிடிப்பு விட்டு, ஒரு பக்கம் பாய் போல எழும்பி மிதக்கும். போட்ட தீனி உள்ளே விழுந்து மக்கி அமோனியாவாகும். அதனால் தீனிக்கு ஒரு கண்ணாடிக் கிண்ணம் கட்டாயம். நான் சொல்லும் வழி: தொட்டியில் தண்ணீர் நிரப்பாமல் மண்ணை மட்டும் ஈரமாக வைத்து, மேலே மூடி, சில வாரம் வேர்பிடிக்க விடுங்கள். பிறகு தண்ணீர் நிரப்பி, ஃபில்டரில் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா வளர்ந்து, அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்தபின் இறாலை விடுங்கள்.

கியூபா என்று விற்கும் இன்னும் பொடி இலைச் செடியை இந்த அளவுத் தொட்டிக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வலுவான வெளிச்சமும் வாயுவும் இல்லாமல் அது பெரும்பாலும் தேறாது.

ஹேர்கிராஸ் புல்வெளி மாதிரி இருக்கும், காற்றுக்குமிழியில் அசையும்போது கண்ணைப் பறிக்கும். இறாலுக்கோ அந்த ஊசி இலையில் மேய்ச்சல் குறைவு. வாயு இல்லாவிட்டால் மெதுவாகத்தான் பரவும். அதற்குள் நூல்பாசி இலைகளுக்கிடையே பின்னிக்கொண்டால் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

கிரிப்டோகோரைன் பார்வாவைப் பலர் கண்டுகொள்வதே இல்லை, எனக்கு அதில் வருத்தம்தான். இலங்கையின் சொந்தச் செடி, அந்த இனத்திலேயே மிகக் குட்டி. வாயு கேட்காது, கத்தரி கேட்காது. சில அங்குலத்துக்கு மேல் வளராது. புதிதாக நட்டதும் இலை கரைந்து போகும். பயந்து பிடுங்கிவிடாதீர்கள், வேரிலிருந்து மறுபடி தழைக்கும். ஆனால் ஆமை வேகம். ஒரு கம்பளத்துக்கு ஒரு வருடம்கூடக் காத்திருக்க நேரலாம்.

மார்சிலியாவும் இதே ரகம். நம் வயல் வரப்பில் வளரும் ஆரைக்கீரையின் உறவு இது. கடையில் வருவது பெரும்பாலும் ஆஸ்திரேலிய வகை. தண்ணீருக்குள் நாலிலை மாறி, பல சமயம் ஒற்றை இலையாகவே படரும். மிச்சம் பிடிக்கலாம் என்று வயலிலிருந்து ஆரையைப் பறித்துவந்து தொட்டியில் போட்டுவிடாதீர்கள். பூச்சிமருந்து இருக்கும். ஊசித்தட்டானின் முட்டையும் ஒட்டி வரலாம். அதன் இளம்பூச்சி இறால் குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்றுவிடும்.

ஆக, வாயு இல்லாத 20, 30 லிட்டர் தொட்டிக்கு நான் வாங்குவது மாஸ் கட்டிய மூன்று நான்கு கற்கள், முன்வரிசைக்குப் பார்வா, தீனி போடவும் இறாலைப் பார்க்கவும் கொஞ்சம் வெறும் தரை. மான்டி கார்லோ இரண்டாவது தொட்டிக்கு.

எதை வாங்கினாலும் டிஷ்யூ கல்ச்சர் (ஆய்வகத்தில் கிருமியில்லாமல் வளர்த்த செடி) டப்பாவில் வருவதையே வாங்குங்கள், விலை கூடினாலும் சரி. அதில் நத்தை, புழு, மருந்து எதுவும் இருக்காது. உள்ளே இருக்கும் ஜெல்லை மட்டும் நன்றாகக் கழுவிவிடுங்கள். பண்ணையில் தண்ணீருக்கு வெளியே வளர்த்த செடியில் பூச்சிமருந்து தங்கியிருக்கலாம். மீன் தாங்கும் அளவுகூட இறாலைக் கொன்றுவிடும். அப்படிப்பட்ட செடியைத் தனி வாளியில் போட்டு, வெளிச்சத்தில் வைத்து, இரண்டு மூன்று வாரம் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்துவிட்டுத்தான் தொட்டிக்குள் இறக்க வேண்டும்.