கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ: மேலே தெரியும் சதவீதத்தை மட்டும் நம்பாதீர்கள்

கம்ப்யூட்டரின் எஸ்எஸ்டி (சிப்பில் டேட்டாவைச் சேமிக்கும் டிஸ்க்) சாகக் கிடக்கிறதா, வெறுமனே ஸ்லோவா என்று பார்க்க என் சர்வீஸ் மேஜையில் முதலில் ஓடுவது கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோதான். ஜப்பானியர் ஒருவர் எழுதிய இலவச சாஃப்ட்வேர், விண்டோஸில் ஓடும். இன்ஸ்டால் செய்யாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டும் ஜிப் வடிவமும் கிடைக்கிறது. சந்தேகப்படும் டிஸ்கில் புதிதாக எதையும் எழுதக் கூடாது என்பதால் அதைத்தான் நான் வைத்திருக்கிறேன்.

திறந்ததும் நீலக் கட்டத்தில் 'குட் 96%' என்று தெரியும். பலர் அதோடு மூடிவிடுகிறார்கள். என்விஎம்இ டிரைவில் (இன்றைய வேகமான எஸ்எஸ்டி ரகம்) அந்த எண் தேய்மானக் கணக்கு மட்டுமே: தயாரித்தவர்கள் கணித்த ஆயுளில் செலவானதை நூறிலிருந்து கழித்துக் காட்டுகிறது. டயர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று சொல்லும், இன்ஜினைப் பற்றிச் சொல்லாது.

விஷயம் கீழே உள்ள பட்டியலில் இருக்கிறது. நான் முதலில் பார்ப்பது 'மீடியா அண்ட் டேட்டா இன்டெக்ரிட்டி எர்ரர்ஸ்' வரி. டிரைவால் திருத்த முடியாமல் போன டேட்டா பிழைகளின் எண்ணிக்கை அது, பூஜ்யமாக இருக்க வேண்டும். அடுத்தது 'அவைலபிள் ஸ்பேர்'. கெட்டுப்போகும் பகுதிகளுக்குப் பதிலாக ஒதுக்கி வைத்த இடத்தில் மிச்சம் எவ்வளவு என்பது அது. 100-இலிருந்து இறங்கத் தொடங்கினால் கவனம் தேவை. கேபிளில் இணையும் பழைய சாட்டா ரக டிரைவ் என்றால் 05-ஆம் எண் வரியும் (கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்கள்) சி7 வரியும் (டேட்டா போய்வரும் வழியில் நேர்ந்த பிழைகள்) பார்ப்பேன். சி7 ஏறினால் பெரும்பாலும் குற்றவாளி கேபிள்தான். கேபிளை மாற்றினால் தீருகிற விஷயத்துக்கு டிரைவையே மாற்றச் சொல்வது அநியாயம்.

ஒரு குறை: இந்த எண்களை ஹெக்ஸில்தான் (பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண்முறை) முதலில் காட்டும். 1ஏ என்று தெரிந்தால் 26 என்று அர்த்தம். 'ஃபங்ஷன்' மெனுவுக்குள் போய் தசம எண்ணுக்கு மாற்றிக்கொள்ளலாம், ஆனால் புதிதாகப் பார்ப்பவர் தேடித் திணறுவார்.

கல்யாண ஃபோட்டோகிராபர் ஒருவர் வந்தார். எஸ்எஸ்டி போய்விட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்று வேறொரு கடையில் சொல்லிவிட்டார்களாம். பிழை பூஜ்யம், ஸ்பேர் முழுசாக இருந்தது. 512 ஜிபி க்யூஎல்சி டிரைவ் (ஒரு செல்லில் நாலு பிட் அடைக்கும் ரகம்), கழுத்து வரை ஃபோட்டோ. இந்த ரக டிரைவ் காலி இடத்தின் ஒரு பகுதியை வேகமான கேஷாக (தற்காலிகமாக எழுதும் இடம்) வைத்துக்கொண்டு முதலில் பறக்கும். கேஷ் நிரம்பியதும் பழைய ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கு இறங்கிவிடும். இடம் குறையக் குறைய கேஷும் சுருங்கும். பழைய ஆல்பங்களை வெளி டிஸ்குக்கு மாற்றினோம், வேகம் திரும்பியது. அவர் காசு மிச்சம். இதற்காகவே இந்த சாஃப்ட்வேரை எல்லோரும் ஒரு தடவையாவது ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மறுபக்கமும் உண்டு. ஆபீஸ் கணக்கு மெஷின் ஒன்றில் 98% என்று நீலமாகத்தான் காட்டியது, ஆனால் பிழை வரியில் எண் இருந்தது. மறுநாள் பார்த்தால் கூடியிருந்தது. ஒரே ஃபைல் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றது. இது ஸ்லோ அல்ல, நோய். முதலில் டேட்டாவை வெளியே எடுத்தோம், மற்றதெல்லாம் அப்புறம்.

இந்த சாஃப்ட்வேர் எதையும் சோதிப்பதில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. டிரைவ் தன்னைப் பற்றி எழுதி வைத்திருப்பதைப் படித்துச் சொல்கிறது, அவ்வளவே. டிரைவ் எழுதாதது இதற்கும் தெரியாது. சாம்சங் 840 ஈவோவில் பல வாரம் தொடாமல் கிடந்த ஃபைல்களைப் படிப்பது மட்டும் படு ஸ்லோவானது, டிரைவ் சாகவில்லை. 2014-இல் ஒரு திருத்தம் வந்து, அது போதாமல் 2015-இல் இன்னொரு ஃபர்ம்வேர் (டிரைவுக்குள்ளேயே ஓடும் சாஃப்ட்வேர்) வந்தது. இதற்கு நேர்மாறாக, ஹெச்பி என்டர்பிரைஸ் 2019 நவம்பரில் தன் சர்வர் எஸ்எஸ்டிகள் சிலவற்றுக்கு எச்சரிக்கை விட்டது: ஓடிய நேரம் 32,768 மணியைத் தொட்டதும் டிரைவும் டேட்டாவும் சேர்ந்து போய்விடும், அதற்குள் ஃபர்ம்வேரை மாற்றிவிடுங்கள் என்று. அங்கே தேய்மானக் கணக்கு எதற்கு உதவும்?

அதனால் கூடவே, விண்டோஸ் தான் சந்தித்த பிழைகளைக் குறித்து வைப்பதைக் காட்டும் ஈவென்ட் வியூவரையும் திறக்கிறேன். 'சிஸ்டம்' பதிவில் ஈவென்ட் எண் 7 என்றால் டிஸ்கில் கெட்ட இடம். 153 என்றால் படிப்பதையோ எழுதுவதையோ மறுபடி முயன்றிருக்கிறது. 129 என்றால் டிரைவ் பதில் சொல்லாமல் விண்டோஸ் அதை ரீசெட் செய்திருக்கிறது. மெஷின் சில நொடி உறையும் நேரமும் 129 பதிவான நேரமும் ஒன்றாக இருந்தால், நீலக் கட்டம் என்ன சொன்னாலும் நான் பேக்கப் எடுக்கத் தொடங்கிவிடுவேன்.

வெப்பநிலையும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவிலேயே தெரிகிறது. பெரிய ஃபைல் காப்பி ஆகும்போது என்விஎம்இ 80 டிகிரிக்குப் போய் வேகம் விழுந்தால், ஒரு ஹீட் சிங்க் போட்டுப் பாருங்கள். யூஎஸ்பி பெட்டியில் போட்ட டிரைவ்களில் சிலவற்றை மட்டும் இந்த சாஃப்ட்வேரால் படிக்க முடிவதில்லை, பெட்டிக்குள் இருக்கும் சிப் தகவலை வெளியே விடாது. அவற்றைக் கழற்றி நேராக போர்டில் மாட்டித்தான் பார்க்க வேண்டும்.