ஜம்ப் ஸ்டார்ட்டரை நம்பிக் காரில் ஃபிரிட்ஜ் ஓட்டியவனின் கதை

பேட்டரி இறங்கிப் போன காரைக் கிளப்பிவிடும் கையடக்கப் பேட்டரிப் பெட்டி, அதாவது ஜம்ப் ஸ்டார்ட்டர், வாங்கப் போகிறீர்களா? அதுவும் 'ராத்திரி கரண்டுக்கும் ஆகும்' என்று கடையில் சொன்னதை நம்பியா? கொஞ்சம் பொறுங்கள். எனக்கு 4,800 ரூபாய் போயிற்று.

அம்மா இன்சுலின் போடுகிறவர். வெளியூர்ப் பயணம் என்றால் காரில் 12 வோல்ட் குட்டி ஃபிரிட்ஜ் ஒன்று கூடவே வரும். வண்டியை அணைத்த பிறகு அதை எப்படி ஓட்டுவது என்று கேட்டேன். கடைக்காரர் இந்தப் பெட்டியை எடுத்து வைத்தார். "இருபதாயிரம் எம்ஏஎச் சார். ராத்திரி பூரா ஃபிரிட்ஜ் ஓடும், காலையில வண்டியையும் ஸ்டார்ட் பண்ணிக் குடுக்கும்."

சூரசம்ஹாரத்துக்குத் திருச்செந்தூர் போனோம். லாட்ஜ் எதிலும் இடமில்லை, காரிலேயே படுத்துவிட்டோம். பத்தரை மணிக்கு ஃபிரிட்ஜைப் பெட்டியில் மாட்டினேன். பதினொன்றே கால் தாண்டியதும் அணைந்துவிட்டது. சரி, காலை வரைதானே என்று சாவியைப் பாதி திருப்பிக் கார் சாக்கெட்டிலேயே செருகினேன். அங்கேதான் நானாகக் குழியில் விழுந்தேன். விடிகாலையில் செல்ஃப் எடுக்கவில்லை, 'டிக் டிக்' சத்தம் மட்டும். தூக்கிவிட வேண்டிய ஜம்ப் ஸ்டார்ட்டரோ ராத்திரியே காலி! "ஏண்டா, ரெண்டையும் ஒண்ணா தீர்த்துட்டியா?" என்றார் அம்மா. பக்கத்து வேன்காரர் கேபிள் போட்டு வண்டியை எடுத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்துதான் கணக்குப் போட்டேன். எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-அவர்) என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லில் எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்று சொல்லும் கணக்கு. 20,000 என்றால் 20 ஆம்பியர்-அவர், அதை 3.7-ஆல் பெருக்கினால் 74 வாட்-அவர். அதாவது 74 வாட் சாமானை ஒரு மணி நேரம் ஓட்டும் அளவு. என் ஃபிரிட்ஜ் 4 ஆம்பியர் இழுக்கும், அதாவது 48 வாட். பெட்டி நிஜமாகவே இருபதாயிரமாக இருந்திருந்தாலும் ஒன்றரை மணி நேரம்தான். பிறகு பெட்டியின் முதுகைப் பார்த்தேன். எறும்பு எழுத்தில் 44.4 வாட்-அவர். 3.7-ஆல் வகுத்தால் 12,000 எம்ஏஎச். அட்டையில் ஒன்று, சாமானில் ஒன்று! நீங்கள் வாங்கும்போது அட்டையைப் பார்க்காதீர்கள், முதுகில் இருக்கும் வாட்-அவரைப் பாருங்கள். அது எழுதியே இல்லையென்றால் கீழே வைத்துவிடுங்கள்.

சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் தள்ளுவதுதான் ஜம்ப் ஸ்டார்ட்டரின் வேலை. மணிக்கணக்கில் சுமை இழுக்கும் சரக்கு அதில் இல்லை. ஒரு சாதாரண 12 வோல்ட், 35 ஏஎச் (ஆம்பியர்-அவர்) கார் பேட்டரியில் 420 வாட்-அவர் இருக்கிறது, அதுவே அந்த ராத்திரி தாங்கவில்லை. அப்புறம், வெயிலில் நிற்கும் வண்டிக்குள் இதை விட்டுவிட்டுப் போகாதீர்கள். லித்தியம் செல் சூட்டில் உப்பிவிடும்.

கடைக்குப் போய்க் கேட்டேன். "அது பீக் கணக்கு சார்." பீக் என்பது சில நொடிக்குத் தள்ளும் உச்ச ஆம்பியர், எம்ஏஎச்சில் என்ன பீக்? நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்லலாம் என்று உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன், கையில் இருந்தது பில் இல்லை, 'எஸ்டிமேட்' என்று எழுதிய துண்டுச் சீட்டு. கடைப் பெயர்கூட அதில் இல்லை.

இன்சுலின் இப்போது ஐஸ் போட்ட ஃபிளாஸ்கில் பயணம் செய்கிறது, ஐஸில் நேரே படாமல் துணி சுற்றி. அந்தப் பெட்டியில் டார்ச் மட்டும் நன்றாக எரிகிறது.