கீக்ரான் கே2: வேண்டாத கீ எல்லாம் போச்சு, கேப்ஸ் லாக் மட்டும் போகல

கீக்ரான் கே2ங்கற வயர்லெஸ் கீபோர்டோட ரிவ்யூ எதை எடுத்தாலும் ஸ்விட்ச் சத்தம், லைட்டு, 4000 எம்ஏஎச் பேட்டரி, ப்ளூடூத்ல மூணு டிவைஸ் மாத்திக்கலாம், இதையேதான் சொல்றாங்க. எல்லாம் நல்லாதான் இருக்கு. ஆனா எனக்கு இந்த போர்டு பிடிச்சதுக்கு காரணம் இதுல இல்லாத கீ தான். மொத்தமே 84 கீ. ஸ்க்ரோல் லாக் கிடையாது, பாஸ் பிரேக் கிடையாது, இன்சர்ட் கிடையாது, நம்பர் பேட் இல்லாததால நம் லாக்கும் (Num Lock) கிடையாது.

நாம ஆபீஸ்ல தட்டுற பெரிய கீபோர்டு இருக்கே, அது 1980கள் நடுவுல ஐபிஎம் கொண்டுவந்த 101 கீ போர்டோட அமைப்புதான், அதுக்கப்புறம் விண்டோஸ் கீ, மெனு கீன்னு சேத்தாங்களே தவிர எதையும் எடுக்கல. 1981ல வந்த முதல் ஐபிஎம் பிசில ஆரோ கீ தனியா இல்ல, நம்பர் பேட்லயேதான் ஆரோவும் இருந்துச்சு, அதனால நம்பரா ஆரோவான்னு மாத்த நம் லாக் வேணும். ஆரோ தனியா வந்தாச்சு, இன்னும் அந்த கீ இருக்கு. ஸ்க்ரோல் லாக் அதவிட மோசம், எக்செல்ல தெரியாம கை பட்டுச்சுன்னா ஆரோ அடிக்க அடிக்க செல்லு நகராது ஷீட்டுதான் நகரும், காரணம் தெரியாம ஃபைலையே மூடித் திறக்கறவங்க எத்தனையோ பேர். கே2ல அந்த கீயே இல்ல, ஒருவேளை வேற வழியா ஆன் ஆகிட்டா விண்டோஸ் கண்ட்ரோல் ஓ மூணையும் சேத்து அமுக்குங்க, ஸ்க்ரீன்ல வர்ற கீபோர்டுல ஆஃப் பண்ணிக்கலாம்.

இன்சர்ட் போனதுல மட்டும் சிலருக்கு நிஜமாவே நஷ்டம். டெர்மினல்ல, அதாவது கமாண்ட் டைப் பண்ற விண்டோல, ஷிஃப்ட் இன்சர்ட் அடிச்சு பேஸ்ட் பண்ணி பழகினவங்க யோசிச்சு வாங்குங்க.

இவ்வளவு துணிஞ்சு எடுத்தவங்க கேப்ஸ் லாக்க ஏன் விட்டாங்கன்னுதான் எனக்கு ஆத்தாமை. டைப்ரைட்டர்ல ஷிஃப்ட் கீ கனமா இருக்கும், விரல்ல புடிச்சிட்டே அடிக்க முடியாது, அதனால லாக் வெச்சாங்க, நியாயம். இன்னைக்கு ஒரு வரி முழுக்க பெரிய எழுத்துல யார் அடிக்கிறா? தமிழ்ல பெரிய எழுத்தே கிடையாது, நாள் முழுக்க தமிழ்99ங்கற தமிழ் கீபோர்டு அமைப்புல அடிக்கிற என்ன மாதிரி ஆளுக்கு இடது சுண்டுவிரல் பக்கத்துல இருக்கற அருமையான இடம் வீணா போகுது. 1981 ஐபிஎம் போர்டுல அந்த இடத்துல கண்ட்ரோல்தான் இருந்துச்சு! கூகுள் குரோம்புக்ல கேப்ஸ் லாக்க தூக்கிட்டு சர்ச் கீ வெச்சாங்க, வேணும்னா ஆல்ட்டும் சர்ச்சும் சேத்து அமுக்கினா கேப்ஸ் வரும். அந்த தைரியம் எல்லா கம்பெனிக்கும் வரணும். ஆனா நடக்கறது என்னன்னா 2024 ஜனவரில மைக்ரோசாஃப்ட் அவங்க ஏஐ உதவியாளர திறக்கறதுக்கு கோபைலட் கீன்னு புதுசா ஒண்ணு அறிவிச்சாங்க, பல லேப்டாப்ல வலது கண்ட்ரோல் இருந்த இடத்த அது புடிச்சிருச்சு. தினம் தேவைப்படற கீ போகுது, யாருக்கும் வேண்டாதது இருக்கு.

நான் பண்ணினது, விண்டோஸ்ல பவர்டாய்ஸ்ங்கற மைக்ரோசாஃப்ட்டோட இலவச சாஃப்ட்வேர் போட்டு கீபோர்டு மேனேஜர்ல கேப்ஸ் லாக்க கண்ட்ரோலா மாத்திட்டேன், காப்பி பேஸ்ட்டுக்கு விரல மடக்கி கீழ கொண்டுபோற வேலை போச்சு. மேக்ல செட்டிங்ஸ்லயே மாடிஃபையர் கீஸ்னு இருக்கு, தனியா எதுவும் வேண்டாம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, விண்டோஸ் லாகின் ஸ்க்ரீன்ல பவர்டாய்ஸ் வேலை செய்யாது, பாஸ்வேர்டு அடிக்கறப்போ அது பழைய கேப்ஸ் லாக்தான்.

போர்டு உயரம் கொஞ்சம் அதிகம், மணிக்கட்டுக்கு கீழ ரெஸ்ட் இல்லாம ரொம்ப நேரம் அடிச்சா வலிக்கும். டேலி, பில்லிங்னு நாள் முழுக்க நம்பர் அடிக்கறவங்க இத வாங்காதீங்க, உங்களுக்கு நம்பர் பேட் கண்டிப்பா வேணும். மாத்தின கீ அமைப்பு போர்டுக்குள்ளயே பதிஞ்சு இருக்கணும், எந்த கம்ப்யூட்டர்ல சொருகினாலும் அப்படியே வரணும்னா கொஞ்சம் காசு சேத்து கே2 ப்ரோ எடுங்க, அதுல அந்த வசதி இருக்கு.