டாய்லெட் அடைப்பு: பிளஞ்சரா, காஸ்டிக்கா, கம்பியா?

ஹார்டுவேர் கடைக்குக் கிளம்பும் முன் ஒரு வாளி தண்ணீர் எடுங்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன்காரர்களுக்கு வாளி புதிதல்ல. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட் குடிநீர் நிலையம் நாசமாகி, அங்கே மாதக்கணக்கில் குழாய் வறண்டு கிடந்தபோது வாளிதான் ஃபிளஷ். அதே வாளியால் கோளாறு எங்கே என்றும் கண்டுபிடித்துவிடலாம். டாய்லெட் கோப்பை ஏற்கெனவே விளிம்புவரை நிறைந்திருந்தால் சற்றுப் பொறுங்கள். இல்லையென்றால் ஏழெட்டு லிட்டரை ஒரே வீச்சில் ஊற்றுங்கள். சர்ரென்று இறங்கினால் குழாய் நன்றாக இருக்கிறது, ஃபிளஷ் தொட்டியில்தான் கோளாறு. தண்ணீர் ஏறி நின்றால் அடைப்பு. ஊற்றும்போது குளியலறைத் தரை ஓட்டையில் களக் களக்கென்று சத்தம் வந்தாலோ, வெளியே சுவரோரத் தண்ணீர்க் குழி பொங்கினாலோ, அடைப்பு முற்றத்துக் குழாயில்.

இந்த மூன்றில் எது உங்கள் கதை என்று தெரியாமல் எந்தச் சாமானையும் வாங்காதீர்கள்.

யூடியூபைப் பார்த்து வேலையில் இறங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே வருவதில் பெரும்பாலானவை அமெரிக்க டாய்லெட்கள். அந்தக் கோப்பையில் நிறையத் தண்ணீர் நிற்கும். அடியில் நெளிந்து போகும் குறுகலான பாதை நிரம்பியதும் எல்லாவற்றையும் உறிஞ்சி இழுக்கும். நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரின் வேகத்தாலேயே தள்ளிக் கழுவும் வகை. வளைவு ஒன்றுதான், வாயும் அகலம். அதனால் கோப்பைக்குள் சிக்காமல் தாண்டிப்போகிற ஈரத் துடைப்புத் தாள்கள் (வெட் வைப்ஸ்), பின்னால் குழாயில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. கோப்பையைக் குழாயோடு இணைக்க அவர்கள் சொல்லும் மெழுகு வளையத்தையும் இங்கே தேடவேண்டாம்; நம்முடையதில் இருப்பது ரப்பர் இணைப்பு.

கோப்பையிலேயே அடைப்பென்றால் என் ஓட்டு பிளஞ்சருக்கு, அதாவது கைப்பிடியில் ரப்பர் கிண்ணம் மாட்டிய சாமானுக்கு. அதிலும் கைகழுவும் தொட்டிக்கு வைத்திருக்கும் தட்டையான கிண்ணம் போதாது. அடியில் கூடுதலாக ஒரு ரப்பர் உதடு நீண்டிருப்பதை வாங்குங்கள், அது துளைக்குள் பொருந்தி உட்காரும். ரப்பர் முழுக்கத் தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும். முதல் அழுத்தம் மெதுவாக, உள்ளிருக்கும் காற்று வெளியேற. பிறகு தள்ளுவதைவிட இழுப்பதில் பலத்தைக் காட்டுங்கள். பலர் கீழே குத்திக்கொண்டே இருக்கிறார்கள்; அதில் அடைப்பு இன்னும் இறுகும். டாய்லெட் தாளால் வந்த அடைப்பாக இருந்தால் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கொஞ்சம் விட்டு, கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி அரைமணி நேரம் விட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், பீங்கான் விரிசல் விடலாம்.

காஸ்டிக் சோடா நம் ஆட்களுக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று எனக்கு விளங்கவே இல்லை. அது கொழுப்பைத் தின்னும், முடியைக் கரைக்கும். சமையலறைக் குழாயில் அதற்கு ஒரு நியாயம் உண்டு. டாய்லெட்டில் சிக்குவது துணி, பிளாஸ்டிக் இழை, குழந்தை போட்ட பொம்மை. காஸ்டிக் அதை ஒன்றும் செய்யாது. தண்ணீரில் கரையும்போது கடுமையாகச் சூடேறும். அடைப்பும் திறக்காமல், கோப்பை நிறையக் காரத் தண்ணீரும் நின்றால், அடுத்து பிளஞ்சரை எடுப்பவரின் கண்ணுக்குத்தான் ஆபத்து. வீட்டுக்கு வரும் பிளம்பரிடம் என்ன ஊற்றினீர்கள் என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இதைவிட மோசம், கடையில் விற்கும் ஸ்பிரிட்ஸ் ஆஃப் சால்ட்ஸ் அமிலத்தையும் ஜிக் என்ற ப்ளீச்சையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுவது: குளோரின் வாயு வரும், சின்னக் குளியலறையில் மூச்சு முட்டும்.

வினிகரும் சமையல் சோடாவும் நுரைக்கும், அவ்வளவுதான்.

பிளஞ்சருக்கு மசியாததைச் சுருள் கம்பி பார்த்துக்கொள்ளும். முனையில் ரப்பர் உறையுள்ள டாய்லெட் கம்பியாக இருக்கட்டும், வெறும் கம்பி பீங்கானில் கறுப்புக் கோடு போடும். ஆனால் முற்றத்துக் குழாய் அடைத்திருந்தால் இந்தக் குட்டைக் கம்பியால் பயனில்லை. வெளியே இருக்கும் மூடியைத் திறந்து, ஒன்றோடொன்று திருகிச் சேர்க்கும் நீளக் கம்பிகளை விடவேண்டும். வலப்பக்கமாக மட்டும் திருகுங்கள். எதிர்ப்பக்கம் திருகினால் இணைப்பு கழன்று கம்பி உள்ளேயே தங்கிவிடும், அப்புறம் தோண்டத்தான் வேண்டும். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் 1960களில் எழுந்த வீடுகளில் பழைய மண் குழாய் மாற்றப்படாமல் இருந்தால், மாமர வேர் இணைப்புக்குள் புகுந்திருக்கலாம். கம்பி வழியைத் திறந்துவிடும். வேர் திரும்ப வளரும். வருடாவருடம் அடைக்கிறதென்றால் அந்தத் துண்டைத் தோண்டி மாற்றுவதே மலிவு. கலியாணத்துக்கோ காவடிக்கோ சொந்தபந்தம் திரண்டிருக்கும் வாரத்தில்தான் இது வெடிக்கும், அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அடைப்பே இல்லை, ஃபிளஷ்தான் சோம்பல் என்றால் செலவு குறைவு. தொட்டி மூடியைத் திறந்து தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். குறியீட்டுக்குக் கீழே நின்றால் மிதவையைச் சரிசெய்தால் போதும். கைப்பிடியை இரண்டு மூன்று முறை அழுத்தினால்தான் இறங்குகிறது என்றால், பழைய சைஃபன் தொட்டியில் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் தகடு கிழிந்திருக்கும். தகடு அற்ப விலை, மாற்றும் வேலைதான் தொல்லை. கோப்பை விளிம்புக்கு அடியில் உள்ள துளைகளை ஒரு கண்ணாடி பிடித்துப் பாருங்கள், கறை அடைத்திருந்தால் வளைந்த கம்பியால் குத்திவிடலாம்.

தண்ணீரை மிச்சம் பிடிக்கத் தொட்டிக்குள் செங்கல் வைத்தவர்கள் அதை எடுத்துவிடுங்கள். 2018 பிப்ரவரியில் கேப்டவுனில் ஆளுக்கு நாளைக்கு 50 லிட்டர் என்று கட்டுப்பாடு வந்தபோது அப்படிச் செய்ததில் அர்த்தம் இருந்தது. ஆனால் செங்கல் உதிர்ந்து ரப்பரைக் கெடுக்கும், ஒரு முறைக்குப் பதில் இரண்டு முறை ஃபிளஷ் செய்தால் மிச்சம் எங்கே? அதேபோல, பழைய 9 லிட்டர் கோப்பையின் மேல் புதிய 6 லிட்டர் தொட்டியை மட்டும் மாட்டாதீர்கள். கோப்பையும் தொட்டியும் ஜோடியாக வடிவமைத்தவை. மாற்றுவதானால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

பிளம்பரைக் கூப்பிடும் முன் தெருவில் உள்ள மேன்ஹோலை எட்டிப் பாருங்கள். அது நிரம்பி நின்றால் உங்கள் காசைச் செலவழிக்க வேண்டியதில்லை: வீட்டு எல்லைக்குள் இருக்கும் குழாய் உங்கள் பொறுப்பு, தெருக் குழாய் நகராட்சியின் பொறுப்பு. புகார் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மறுநாள் அழைக்கும்போது முதலில் அதைத்தான் கேட்பார்கள்.