சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்தில் நடந்த பல்கலைக்கழக இனிப்பு நீர்ப் பரிசோதனை: ஒரு மதிப்பீடு

2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு நோய், இருக்கிறது. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். அரசு முன்னுரிமை தரும் இந்நோயைப் பற்றிய ஆய்வுக்காக, ஒரு பொதுப் பல்கலைக்கழகக் குழு எங்கள் கோயில் மண்டபத்தில் இலவசப் பரிசோதனை நடத்தியது.

பாராட்ட வேண்டியது, இந்நோயால் காலில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று பார்க்கும் பாதப் பரிசோதனை. பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு, கண்களை மூடியபடியே உணர்ச்சி தெரிகிறதா என்று சொல்லச் சொன்னார்கள். முப்பது ஆண்டுகள் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கிய எங்கள் பெரியம்மா, பெருவிரலைத் தொட்டபோது, "எப்போ தொடப் போறீங்க, தம்பி?" என்று கேட்டார். பரிசோதித்த பல்கலைக்கழக மாணவர் அவசரப்படாமல், வெறுங்காலுடன் நடக்கக் கூடாது என்பதையும், இரவில் விளக்கொளியில் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்பதையும் நல்ல தமிழில் விளக்கினார்.

குறையும் உண்டு. ஒப்புதல் படிவம் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்ததால், பலர் படிக்காமலே கையெழுத்திட்டனர். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி முடிவு இரண்டு வாரங்களில் வரும் என்றார்கள். நான்கு மாதங்களாகியும் வரவில்லை. தரவு அவர்களுக்கு, காத்திருப்பு எங்களுக்கு என்பது நியாயமன்று. பெரியம்மாவை அரசு கிளினிக்கிற்கு நாங்களே அழைத்துச் சென்றோம். மறுமுறை வந்தால் போவேன், ஆனால் முடிவு எந்த நாளில் வரும் என்பதை எழுதி வாங்கிக்கொண்டுதான் விரலை நீட்டுவேன்.