170, 180, 200: மலையிறங்கும் சைக்கிளுக்கு எத்தனை மில்லிமீட்டர் சஸ்பென்ஷன் வேண்டும்?

ஃப்ரீரைடு (பெரிய குதிப்பு, சாகச ஓட்டம்), டவுன்ஹில் (வேகமான மலையிறக்கம்) சைக்கிள் வாங்கப் போகிறவருக்கு இன்று மூன்று வழிகள் உண்டு. முதலாவது, முன்னும் பின்னும் 170 மிமீ டிராவல் (சஸ்பென்ஷனில் சக்கரம் மேலேறக்கூடிய தூரம்) உள்ள என்டியூரோ வண்டி, அதாவது மிதித்து ஏறவும் வேகமாக இறங்கவும் ஆனது. ஸ்பெஷலைஸ்டு என்டியூரோ, சான்டா குரூஸ் நோமட், டிரான்சிஷன் ஸ்பயர் எல்லாம் இந்த ரகம். அடுத்தது, இரண்டு பக்கமும் 180 உள்ள ஃப்ரீரைடு வண்டி: நோர்கோ ஷோர், புரோபெயின் ஸ்பின்ட்ரிஃப்ட். கடைசியாக 200 மிமீ டிராவலும் டூயல் கிரவுன் ஃபோர்க்கும் (மேலும் கீழும் இரண்டு பிடிகளால் பிணைத்த முன் சஸ்பென்ஷன் கவை; சிங்கிள் கிரவுனில் கீழே ஒரு பிடிதான்) உள்ள முழு டவுன்ஹில் வண்டி: டிரெக் செஷன், ஒய்டி டியூஸ், கேன்யன் சென்டர்.

"உயரத்திலிருந்து குதிக்கணும்னா 200 இல்லாமல் முடியாது" என்று பரவலாகச் சொல்கிறார்கள். கணக்குப் போட்டால் இது நிற்காது.

2 மீட்டர் உயரத்திலிருந்து சமதரையில் விழுவதாக வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தை அடக்க இரண்டு விஷயங்கள் உதவுகின்றன: ஓட்டுபவரின் கை கால் மடங்கும் தூரம் (சுமார் அரை மீட்டர்), சக்கரம் மேலேறும் தூரம். 200 மிமீ வண்டியில் மொத்தம் 70 செமீ, 170 மிமீ வண்டியில் 67 செமீ. உடம்பில் இறங்கும் சராசரி அடியில் நான்கைந்து சதவீதம்தான் வித்தியாசம். இதே குதிப்பை 6 மீ/வி வேகத்தில் (மணிக்கு ஏறத்தாழ 22 கிமீ) எடுத்து, 30 டிகிரி சரிவுள்ள இறங்குதளத்தில் விழுந்தால், தரைக்குச் செங்குத்தான வேகம் 6.3-லிருந்து 2.4 மீ/வி ஆகக் குறைந்துவிடும். அதாவது 30 செமீ உயரத்திலிருந்து சமதரையில் குதிப்பதற்குச் சமம். ஒற்றைக் குதிப்பில் ஓட்டுபவரைக் காப்பாற்றுவது இறங்குதளத்தின் சரிவு. டிராவல் அதற்குப் பிறகுதான் வரும்.

பிறகு 200 எதற்கு? தொடர் அடிக்கு.

கோடையின் நடுவில் கனடாவின் விஸ்லர் பைக் பார்க்கில் (லிஃப்டில் ஏறி சைக்கிளில் இறங்கும் இடம்) திருப்பங்களுக்கு முன்னால், பலரும் பிரேக் பிடித்ததில் வரிசையாக மேடுகள் கிளம்பியிருக்கும். மணிக்கு 40 கிமீ வேகம் என்றால் வினாடிக்கு 11 மீட்டர். மேடுகள் ஒரு மீட்டர் இடைவெளியில் இருந்தால் வினாடிக்கு 11 அடி. ஒவ்வொரு அடிக்கும் சக்கரம் ஏறி இறங்கித் திரும்ப 90 மில்லி வினாடிதான் கிடைக்கிறது. ரீபவுண்ட் (அமுங்கிய சஸ்பென்ஷன் திரும்ப விரிவது) கொஞ்சம் மெதுவாக இருந்தாலும் சஸ்பென்ஷன் முழுசாக விரிவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். ஒவ்வொரு அடிக்கும் வண்டி சில மில்லிமீட்டர் தாழ்ந்துகொண்டே போகும். அப்போது மிச்சம் இருக்கும் 30 மிமீதான் டயர் தரையில் ஒட்டியிருக்கிறதா, கைப்பிடி உள்ளங்கையைக் குத்துகிறதா என்பதைத் தீர்மானிக்கிறது. ஃபோர்ட் வில்லியம், வால் டி சோலே போன்ற கரடுமுரடான உலகக் கோப்பைப் பாதைகளில் 200-ஐ விட்டுக் கீழே வரப் பெரும்பாலோர் ஆசைப்படாததற்கு இதுதான் காரணம்.

அதற்காக இன்னும் கூட்டிக்கொண்டே போனால் நல்லதா? அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். 2000-களின் தொடக்கத்தில் மார்சோக்கி சூப்பர் மான்ஸ்டர் ஃபோர்க் 300 மிமீ டிராவலோடு விற்றது. சான்டா குரூஸ் வி10-இன் பெயரில் உள்ள 10, பின்சக்கர டிராவல் 10 அங்குலம், அதாவது 254 மிமீ என்பதைக் குறித்தது. இன்றைய வி10-இல் 208தான். நீளமான வீல்பேஸ் (இரு சக்கரங்களுக்கு இடையிலான தூரம்), சாய்ந்த ஹெட் ஆங்கிள் (ஃபோர்க்கின் சாய்வுக் கோணம்), நல்ல டேம்பர் (சஸ்பென்ஷனின் அசைவை அடக்கும் பகுதி), 29 அங்குலச் சக்கரம் எல்லாம் வந்த பிறகு அந்தக் கூடுதல் 5 செமீ பாரமாகத்தான் தெரிந்தது. 2017-இல் டவுன்ஹில் பந்தய வீரர் கிரெக் மின்னார் ஃபோர்ட் வில்லியமில் வென்றது 29 அங்குலச் சக்கர வி10-இல்.

200 மிமீ: லிஃப்ட் இருந்தால் மட்டும்

டவுன்ஹில் வண்டியின் எடை 16 முதல் 17.5 கிலோ. கனமான டயர் போட்ட 170 மிமீ வண்டியும் 15, 16 கிலோ வரும். ஆகவே ஏற முடியாமல் போவதற்கு எடையைக் குறை சொல்லிப் பயனில்லை. டவுன்ஹில் வண்டியின் சீட்டை உயர்த்த வழியில்லை. பின்னால் 7 கியர்தான். பெரிய பல்சக்கரத்துக்கே 24, 25 பற்கள். முன்னால் 34 பல் என்றால், மிக இலகுவான கியரிலும் ஒரு மிதிக்கு சக்கரம் 1.4 சுற்று சுற்றும். 32 பல் முன்னும் 52 பல் பின்னும் உள்ள என்டியூரோ வண்டியில் அது 0.6 சுற்று. இரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம். லிஃப்டோ, வண்டியில் ஏற்றிப் போகும் ஜீப்போ இல்லாத மலையில் 200 மிமீ வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும்.

குதிப்புப் பாதைகளில் இன்னொரு சங்கடம். விஸ்லரின் ஏ-லைன் பாதையில் இருப்பது போன்ற மேசைக் குதிப்புகளில் (ஏவுமேட்டுக்கும் இறங்குதளத்துக்கும் நடுவே தட்டையான மண்மேடை) ஏவுமேட்டை அழுத்தி எழும்போது, கால் கொடுக்கும் விசையில் ஒரு பங்கை நீண்ட சஸ்பென்ஷன் விழுங்கிவிடும். 200 மிமீ வண்டியைத் தூக்க வேகம் கூடுதலாக வேண்டும், அல்லது ஸ்பிரிங்கை ஒரு படி கடினமாக்க வேண்டும். வேகம் வராத புதியவர் அதே குதிப்பில் மேசையின் நடுவிலேயே விழுவார். குற்றம் வண்டியில் இல்லை; பாதைக்குப் பொருந்தாத வண்டி, அவ்வளவுதான்.

டூயல் கிரவுன் ஃபோர்க்கில் கைப்பிடி முழுவட்டம் திரும்பாது. ஃபோர்க் கால்கள் ஃபிரேமில் இடித்து நின்றுவிடும். பார்ஸ்பின் (காற்றில் கைப்பிடியைச் சுழற்றுவது), டெயில்விப் (கைப்பிடியைப் பிடித்தபடி வண்டியைச் சுழற்றுவது) இரண்டுக்கும் அந்த முழுச் சுற்று தேவை. ரெட் புல் ராம்பேஜ் ஃப்ரீரைடு போட்டியைப் பார்த்து ஆசைப்பட்டு 200 வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பேக்ஃபிளிப், 360 இரண்டுக்கும் தடை இல்லை. டெயில்விப்தான் கனவு என்றால் சிங்கிள் கிரவுன்தான்.

180 மிமீ: நடுவில் நிற்பது

இந்த அளவைப் பலர் "இரண்டுங்கெட்டான்" என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஃபாக்ஸ் 38, ராக்‌ஷாக்ஸ் ஸெப் இரண்டுக்குமே 38 மிமீ தடிமனான கால்கள். 180 மிமீக்கு நீட்டினாலும் வளைந்து தொந்தரவு தருவதில்லை. டூயல் கிரவுனோடு ஒப்பிட்டால் அரைக் கிலோவரை எடை குறைவு. டிராப்பர் சீட்போஸ்ட் (ஓட்டும்போதே சீட்டை ஏற்றி இறக்கும் தண்டு), 12 கியர் எல்லாம் இருக்கும். மெதுவாக என்றாலும் மேலே ஏறலாம். பைக் பார்க்கில் பெரிய குதிப்புகள், மரப்பாலங்கள், பாறைச் சரிவுகள் என்று கலந்து ஓட்டுபவருக்கு இது நேராகப் பொருந்தும். வான்கூவரின் நார்த் ஷோர் மலைகளில் வளர்ந்த பாணி அதுவே. நோர்கோ அந்த மலையின் பெயரையே தன் 180 மிமீ வண்டிக்கு வைத்திருக்கிறது.

வாங்கும்போது பார்க்க வேண்டியது பின் ஷாக்கின் ஸ்ட்ரோக், அதாவது ஷாக் அமுங்கும் தூரம். 180 மிமீயை 65 மிமீ ஸ்ட்ரோக்கிலிருந்து எடுத்தால் சராசரி லெவரேஜ் (டிராவலை ஸ்ட்ரோக்கால் வகுத்த எண்) 2.77. 200-ஐ 75-லிருந்து எடுத்தால் 2.67. லெவரேஜ் கூடினால் ஷாக் மீது அழுத்தம் கூடும், ஏர் ஷாக்கில் அதிகக் காற்றழுத்தம் வேண்டும், ஷாக் சீக்கிரம் சூடாகும். 90 கிலோவைத் தாண்டியவர்கள் இந்த எண்ணைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

170 மிமீ: ஒரே வண்டி என்றால்

வருடத்தில் பெரும்பாலான நாட்கள் மிதித்து ஏறி, எப்போதாவது பார்க்குக்குப் போகிறவருக்கு வேறு தேர்வு தேவையில்லை. ஆனால் கடையிலிருந்து வரும் நிலையிலேயே பார்க்கில் இறக்கக் கூடாது. டவுன்ஹில் கேஸிங் (தடித்த பக்கச்சுவர்) டயர், முன்னால் குறைந்தது 200 மிமீ பிரேக் டிஸ்க், பின்சக்கரத்துக்கு டயர் இன்சர்ட் (ரிம்மைக் காக்க டயருக்குள் வைக்கும் நுரை வளையம்) மூன்றும் போட்ட பிறகு இறங்குங்கள். 170-இல் முதலில் தோற்பது ஷாக் அல்ல, மெல்லிய டயரும் ரிம்மும்தான்.

மில்லிமீட்டரை விழுங்கும் சேக்

ஓட்டுபவர் ஏறி நின்றதும் சஸ்பென்ஷன் தானாக அமுங்கும் அளவுதான் சேக். 200 மிமீ வண்டியில் ஸ்பிரிங் மென்மையாகி, சேக் 40 சதவீதம் என்றால் மீதி 120 மிமீ. 170 மிமீ வண்டியில் சேக் சரியாக 30 சதவீதம் என்றால் மீதி 119. செலவழித்து வாங்கிய 30 மிமீ காணாமலே போய்விட்டது. கூடவே பெடல் தாழ்ந்து பாறையில் இடிக்கும், பின்பக்கம் தொங்குவதால் முன்சக்கரம் திருப்பத்தில் பிடி இழக்கும்.

காயில் (சுருள்) ஸ்பிரிங் தேர்வு செய்யும் கணக்கு இது. கவசம், தண்ணீர் எல்லாம் சேர்த்து ஓட்டுபவர் 80 கிலோ; நிற்கும்போது அதில் சுமார் 65 சதவீதம், 52 கிலோ, பின்சக்கரத்தில் இறங்கும். 200 மிமீ வண்டியில் (ஸ்ட்ரோக் 75, லெவரேஜ் 2.67) ஷாக்குக்கு வருவது 139 கிலோ. 30 சதவீத சேக் என்பது ஷாக்கில் 22.5 மிமீ. 139-ஐ 22.5-ஆல் வகுத்து 56-ஆல் பெருக்கினால் அங்குலத்துக்கு 346 பவுண்டு. 170 மிமீ வண்டியில் (ஸ்ட்ரோக் 65, லெவரேஜ் 2.62) இதே ஆளுக்கு 391 வரும். ஃபிரேமின் எடையும் கொஞ்சம் சேர்வதால் முறையே 375, 425-இலிருந்து ஆரம்பிக்கலாம். டிராவல் குறைந்த வண்டிக்குத்தான் கடினமான ஸ்பிரிங் என்பதைக் கவனியுங்கள். நண்பரின் டவுன்ஹில் வண்டியிலிருந்து ஸ்பிரிங்கைக் கழற்றி என்டியூரோவில் மாட்டினால் தரைதட்டுவது இதனால்தான். ப்ரீலோடு வளையத்தை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தும் திருகு வளையம்) இரண்டு சுற்றுக்கு மேல் இறுக்க வேண்டியிருந்தால் ஸ்பிரிங்கையே மாற்றுங்கள்.

ஃபோர்க்கில் 20 சதவீத சேக் போதும். ஃபோர்க் காலில் எவ்வளவு அமுங்கியது என்று காட்டும் ரப்பர் வளையம் ஒரு முழு இறக்கத்தில் ஓரிரு முறை அடிவரை போனால் அமைப்பு சரி. ஒவ்வொரு குதிப்புக்கும் 'டக்' என்று தட்டினால் காற்றழுத்தத்தைக் கூட்டாமல் ஒரு வால்யூம் டோக்கன் (காற்றறையின் இடத்தைக் குறைக்கும் துண்டு) சேருங்கள். அழுத்தத்தைக் கூட்டினால் மேடுகளில் கிடைக்கும் மென்மையும் சேர்ந்து போய்விடும்.

170-ஐ 200 ஆக்கலாமா?

ஃபோர்க்கை 10 மிமீ உயர்த்தினால் ஹெட் ஆங்கிள் ஏறத்தாழ அரை டிகிரி சாயும், ரீச் (பெடல் அச்சிலிருந்து ஹெட் டியூப் வரை கிடைமட்ட நீளம்) 5 மிமீ குறையும், பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு) 3, 4 மிமீ எழும். 170 ஃபிரேமில் 180 ஃபோர்க்கை, நிறுவனம் அனுமதித்திருந்தால், தயங்காமல் போடலாம். ஃபோர்க்குக்குள் டிராவலைத் தீர்மானிக்கும் ஏர் ஷாஃப்ட்டை மட்டும் மாற்றினால் போதும், முழு ஃபோர்க் வாங்க வேண்டியதில்லை. 30 மிமீ உயர்த்தினால் கதை வேறு: ஒன்றரை டிகிரி சாய்வு, முன்சக்கரம் அலையும், ஹெட் டியூபில் விழும் நெம்புவிசையும் கூடும்.

டூயல் கிரவுன் போடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில. ஃபிரேம் நிறுவனம் எழுத்தில் அனுமதித்திருக்கிறதா? இல்லையென்றால் உத்தரவாதம் போச்சு. டவுன் டியூபில் விரிசல் விழுந்தால் கேட்க நாதியில்லை. ஃபாக்ஸ் 40, ராக்‌ஷாக்ஸ் பாக்ஸர் இரண்டிலும் ஸ்டீயரர் குழாய் (ஃபோர்க்கிலிருந்து ஹெட் டியூபுக்குள் போகும் குழாய்) 1⅛ அங்குலம், மேலிருந்து கீழ்வரை ஒரே அளவு. உங்கள் ஃபிரேமில் டேப்பர் (கீழே அகலமான) ஹெட்செட் இருந்தால் கீழ் பேரிங்குக்குத் தனி ரேஸ் (பேரிங் உட்காரும் வளையம்) வாங்கவேண்டும். ஆக்ஸில் 20×110, உங்கள் சக்கரம் 15×110 என்றால் ஹப்பின் எண்ட் கேப் மாறுமா என்று பாருங்கள், மாறாவிட்டால் புதுச் சக்கரம்தான். கால்களில் ரப்பர் பம்பர் ஃபிரேமைத் தொடும் இடத்தில் இருக்கிறதா என்று கைப்பிடியை இருபுறமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். கிரவுன் போல்டுகளை ஃபோர்க்கிலேயே பொறித்திருக்கும் டார்க் அளவுக்கு டார்க் ரெஞ்சால்தான் முடுக்கவேண்டும். கூடுதலாக இறுக்கினால் கால் குழாய் நசுங்கி உள்ளே சிக்கிக்கொள்ளும்.

பின்பக்கத்தில் சிலர் ஷாக்குக்குள் இருக்கும் 5 மிமீ ஸ்பேசரை எடுத்துவிட்டு 205×60-ஐ 205×65 ஆக்குகிறார்கள் (ஷாக்கின் நீளம் × ஸ்ட்ரோக்). சக்கரத்தில் 13 மிமீ கிடைக்கும். செய்வதற்கு முன் காற்றை முழுக்க இறக்கி, அல்லது காயிலைக் கழற்றி, வண்டியைக் கடைசிவரை அமுக்கிப் பாருங்கள். டயருக்கும் சீட் டியூபுக்கும் இடையே இடைவெளி இருக்கிறதா, லிங்க் எங்காவது ஃபிரேமைத் தொடுகிறதா, சீட்டை முழுக்க இறக்கினால் டயர் அதில் உரசுகிறதா என்று பார்க்கவேண்டும். 29 அங்குலப் பின்சக்கரத்தில் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

எது யாருக்கு

வாராவாரம் லிஃப்ட், பந்தயம், வேரும் பாறையும் நிறைந்த வேகப் பாதை: 200. 180-இல் சமாளிக்கலாம் என்று நினைத்து வாங்குகிறவர், மேடுகளில் கை வலித்து அடுத்த பருவத்திலேயே விற்கப் பார்ப்பார்.

குதிப்புப் பாதை அதிகம், தந்திரங்கள் வேண்டும், சில நாள் மிதித்தும் ஏறவேண்டும்: 180. மூன்றிலும் அதிகம் பேருக்கு ஒத்துவருவது இதுதான் என்பது என் எண்ணம், விற்பனையில் குறைவாக இருந்தாலும்.

ஏற்றம் அதிகம், பார்க் அபூர்வம்: 170, முடிந்தால் முன்னால் 180.

பழைய 200 மிமீ வண்டி மலிவாகக் கிடைத்தால் விலை பேசுவதற்கு முன் மூன்று இடங்களைப் பாருங்கள். ஃபோர்க் கால்களின் கறுப்பு அல்லது பொன்னிறப் பூச்சில் தேய்ந்து வெளுத்த கோடு இருந்தால் பெரிய செலவு. பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் லிங்க் பேரிங் தளர்வு தெரிந்துவிடும். பின் ஹப்பின் அகலம் 157 மிமீயா 148-ஆ என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 157 என்றால் உங்களிடம் இருக்கும் 148 சக்கரம் அதில் ஏறாது.